மேலே பாயாத வரவேற்பு

வெளியே சென்று திரும்பும் எஜமானரை வாசலிலேயே எதிர்கொண்டு, வாலோடு இடுப்பையும் சேர்த்து ஆட்டி, முன்னங்கால்கள் இரண்டையும் அவர் மார்பின்மேல் வைத்து, எப்படியாவது முகத்தை ஒருமுறை நக்கிவிட வேண்டும் என்று தவிக்கும் நாயின் சந்தோஷத்தைப் போலக் கபடமற்ற சந்தோஷம் உலகில் அபூர்வம் என்பதை, ஒரு நாளாவது அந்த வரவேற்பைப் பெற்றவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆயினும் அதே சந்தோஷம், 30 கிலோ எடையுள்ள ஒரு லாப்ரடாரின் உருவில், கைத்தடி ஊன்றிக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பும் பாட்டியின்மேல் வந்து விழுமானால் என்ன ஆகும்? வயோதிகத்தில் எலும்பு மெலிந்தவர்களுக்கு ஒரு சிறு சறுக்கலே இடுப்பெலும்பு முறிவாக முடிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்திவிடுகிறது. நடை பழகும் குழந்தைக்கோ, நாயின் முன்னங்கால் வந்து விழும் இடம் முகமாகவே இருக்கும். நகக் கீறலை நாம் அற்பமாக எண்ணிவிடுகிறோம். ஆனால் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எந்த நோயை முன்னிட்டு நிறுவப்பட்டதோ, அந்த வெறிநாய்க்கடி நோய் இன்னும் நம் நாட்டை விட்டு நீங்கவில்லை. தடுப்பூசி போட்டதா இல்லையா என்று தெரியாத நாயின் நகம் இரத்தம் வராமல் கீறினாலும், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவித் தாமதமின்றி வைத்தியரிடம் போக வேண்டும் என்பதே மருத்துவ விதி.

இந்தத் தொல்லைக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் கையாளப்படும் பரிகாரம் சங்கிலிதான். குட்டியாக வந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சப்பட்ட பிராணி, வளர்ந்து ஆளாகி, வந்தவர் போனவர் மேலெல்லாம் பாயத் தொடங்கியதும், கொல்லைப்புறத்துக் கொய்யா மரத்தடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ கட்டிப் போடப்படுகிறது. பகல் முழுவதும் மனித ஸ்பரிசம் இன்றி நாலடி வட்டத்துக்குள் கிடக்கும் நாய்க்கு, யாராவது அருகே வருவதே பெரிய விசேஷம். ஆகவே அவிழ்த்துவிட்ட மறுகணம் அது முன்னிலும் வேகமாகப் பாய்கிறது. பாய்ந்ததைக் காரணம் காட்டி மறுபடியும் கட்டுகிறார்கள். அன்பு காட்டியதற்காகச் சிறையிருக்கும் இந்த நாய்களைக் காணும்போதெல்லாம் என் மனம் பொறுப்பதில்லை. ஏனெனில், மேலே பாய்வது திருத்த முடியாத பிறவிக் குற்றம் அன்று. ஆசை அதற்குப் பிறவியிலேயே உண்டு என்பது மெய். ஆனால் அந்த ஆசையைப் பாய்ந்துதான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குக் கற்பித்தவர்கள் நாம். கற்பித்த நாமே, அடியும் அதட்டலும் இல்லாமல், வேறு வழியையும் கற்பிக்க முடியும்.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதை அறிய நாயின் பூர்விகத்துக்குப் போகவேண்டும். ஓநாய்க் கூட்டத்தில் பெரியவை வேட்டைக்குப் போய்த் திரும்பும்போது, அவற்றின் வரவுக்காகக் காத்திருக்கும் குட்டிகள் ஓடிவந்து அவற்றின் வாயோரத்தை முகர்ந்தும் நக்கியும் மூக்கால் முட்டியும் நச்சரிக்கும். அந்த ஸ்பரிசம் பட்டவுடன் பெரிய ஓநாய் தன் வயிற்றில் சுமந்து வந்த மாமிசத்தைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும். தொலைவிலிருந்து உணவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு இயற்கை வகுத்த ஏற்பாடு இது. குட்டிகள் வளர்ந்து தாமே இரை தேடத் தொடங்கிய பின்பும், வாயை நக்கும் அந்தச் செய்கை மட்டும் மறையாமல், பிரிந்தவர்கள் கூடும்போது காட்டும் பிரியத்தின் அடையாளமாக நிலைத்துவிடுகிறது. ஓநாயின் வழிவந்த நாய் இந்தச் சம்பிரதாயத்தை மறக்கவில்லை. ஆனால் அது அன்பு வைத்திருக்கும் மனிதரின் வாயோ தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. நான்கு கால்களில் நிற்கும் பிராணிக்கு அங்கே எட்ட வேண்டுமானால், பின்னங்கால்களில் எழும்பி நிற்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

ஆகையால், மேலே பாயும் நாய் எஜமானரை அடக்கியாளப் பார்க்கிறது, அதை முதலில் பணியவைக்க வேண்டும் என்று சிலர் சொல்லும் சித்தாந்தம் முற்றிலும் தவறானது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை, ஸ்விட்ஸர்லாந்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947-இல் எழுதிய ஆராய்ச்சியும், அதன் வழியில் பிறந்த நூல்களுமாம். கூண்டிலே நெருக்கப்பட்ட ஓநாய்கள் முதலிடத்துக்காகச் சண்டையிட்டதைக் கண்டு, ஓநாயின் வாழ்க்கையே அதிகாரப் போட்டி என்று உலகம் முடிவுகட்டிவிட்டது. அமெரிக்க விஞ்ஞானியான டேவிட் மெக் தமது 1970-ஆம் வருஷத்து நூலில் இக்கருத்தையே எடுத்துரைத்தார். பிறகு வடதுருவத்தை அடுத்த எல்ஸ்மியர் தீவில், சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் அருகிலிருந்து பார்த்த அவரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளுமாகிய குடும்பமே என்றும், அங்கே தலைமைச் சண்டை அபூர்வம் என்றும் 1999-இல் எழுதினார். வாசலில் நம்மேல் பாயும் நாயின் உடம்பைக் கவனித்தாலே இது விளங்கும்: தளர்ந்த காதுகள், வளைந்து நெளியும் முதுகு, பாதி மூடிய கண்கள், நாக்கை நீட்டியபடி திறந்த வாய். ஆளவரும் பிராணியின் தோற்றம் இதுவன்று.

இனி, நாம் கற்பித்த விதத்தைப் பார்ப்போம். இரண்டு மாதக் குட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. அது நம் முழங்காலில் கால்வைத்து எழும்பி நின்று அண்ணாந்து பார்க்கிறது. அந்தக் காட்சியைக் கண்டு மனம் இளகாதவர் யார்? உடனே குனிந்து தூக்குகிறோம், முத்தமிடுகிறோம், கையிலிருக்கும் பிஸ்கட்டில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுக்கிறோம். நான்கு கால்களும் தரையில் ஊன்ற அமைதியாக நின்ற நேரங்களிலோ அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஆறு மாதங்களில் குட்டி தன் பாடத்தைச் செவ்வையாகப் படித்துவிடுகிறது. ஒரு செய்கையைத் தொடர்ந்து இன்பமான பலன் கிடைத்தால் அச்செய்கை உறுதிப்படும், கிடைக்காவிட்டால் தேய்ந்துபோகும் என்ற உண்மையை, தாழிட்ட பெட்டிகளுக்குள் பூனைகளை விட்டு அவை வெளிவரும் விதத்தைக் கவனித்து எட்வர்ட் தார்ன்டைக் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1898-இல் எடுத்துக்காட்டினார். பூனைக்குக் கதவு திறந்தது பலன். நம் நாய்க்கு நமது முகமும் கையும் குரலுமே பலன்.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ‘நான் கொஞ்சவில்லையே, ஒவ்வொரு தடவையும் பிடித்துத் தள்ளிவிட்டு, கீழே இறங்கு என்று கத்தத்தானே செய்கிறேன்’ என்று அவர்கள் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். நாயின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் தனியாக இருந்த அதற்கு, எஜமானர் தன் கண்ணைப் பார்க்கிறார், தன் மார்பில் கைவைத்துத் தள்ளுகிறார், உரத்த குரலில் தன்னோடு பேசுகிறார். விளையாட்டுக் குணமுள்ள இளம் நாய்க்கு இதைவிட ரசமான பதில் வேறு என்ன வேண்டும்? தள்ளியவுடன் அது துள்ளித் திரும்பி வருவதற்குக் காரணம் பிடிவாதம் அன்று. தன்னை விளையாட அழைத்ததாகவே அது எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு சங்கதி இதைவிடப் பொல்லாதது. அப்பா பாயவிடுவதில்லை, அம்மா காணாதது போல இருந்துவிடுகிறார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரும் மாமா மட்டும் இரண்டு கைகளையும் விரித்து, ‘வாடா ராஜா’ என்று அணைத்துக்கொள்கிறார். வாரத்தில் ஒருநாள்தானே என்று அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். எப்போதோ ஒருமுறை மீன் சிக்கும் குளத்தில்தான் தூண்டில்காரன் நாள் முழுவதும் சலியாமல் உட்கார்ந்திருக்கிறான். இன்னதென்று நிச்சயமில்லாத பலன் அவனை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் தவறாமல் பலன் தந்து வந்த செய்கை, பலன் நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடும் என்பதையும், விட்டுவிட்டுப் பலன் தந்த செய்கையோ எளிதில் அழியாது என்பதையும், 1957-இல் மனோதத்துவ அறிஞர்களான ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் சேர்ந்து வெளியிட்ட பெரிய நூல் விரிவாக விளக்குகிறது. மாமாவின் ஓர் அணைப்பு வீட்டாரின் ஆறு நாள் பிரயாசையைக் கரைத்துவிடுவது இதனால்தான்.

கற்பிக்கும் முறைக்குள் புகுமுன், விலக்க வேண்டிய முறைகளைக் குறிப்பிடுவது என் கடமை. பாயும் நாயின் மார்பில் முழங்காலால் இடிப்பது, தூக்கிய முன்னங்கால்களை வலிக்கப் பிடித்து நசுக்குவது, பின்னங்கால் விரல்களை மிதிப்பது, முகத்தில் தண்ணீரை வீசுவது—இவையெல்லாம் சென்ற நூற்றாண்டில் நாய்ப் பழக்குநர்கள் பலர் துணிந்து சிபாரிசு செய்தவை. இவற்றால் விலாவெலும்பும் விரல்களும் ஊறுபடக்கூடும் என்பது ஒருபுறம் இருக்க, இவற்றில் மறைந்துள்ள அபாயம் வேறொன்று. ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ், உணவோடு சேர்ந்து வந்த வெறும் ஓசைக்கும் நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பதைக் கண்டறிந்தார் அல்லவா? உணவோடு சேர்ந்து வந்தது இனிப்பதைப் போல, வலியோடு சேர்ந்து வந்தது கசக்கும். விருந்தினர் வரும்போதெல்லாம் உதைபடும் நாய், ‘பாய்ந்ததால் உதைபட்டேன்’ என்று எண்ணுவதற்குப் பதிலாக, ‘விருந்தினர் வந்ததால் உதைபட்டேன்’ என்று எண்ணத் தொடங்கினால், அன்போடு பாய்ந்த பிராணி சில மாதங்களில் உறுமிக்கொண்டு பாயும் பிராணியாக மாறிவிடும்.

சரியான முறை இரண்டு பாகங்கள் கொண்டது. இரண்டும் சேர்ந்தே நடக்கவேண்டும். முதலாவது, பாய்ச்சலுக்குக் கிடைத்துவந்த பலனை அடியோடு நிறுத்துவது. நாய் எழும்பிய அந்தக் கணமே, ஒரு வார்த்தையும் பேசாமல், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, முதுகைக் காட்டி நின்றுவிட வேண்டும். முன்பக்கம் சுற்றி வந்து மறுபடி எழும்பினால் மறுபடி திரும்ப வேண்டும். அதிலும் அடங்காவிட்டால், வந்த கதவு வழியாகவே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரை நிமிஷம் கழித்து உள்ளே வரலாம். முன்னங்கால்கள் தரையைத் தொட்டதும், அமைதியான குரலில் பேசித் தடவிக் கொடுக்க வேண்டும். இந்த முறையைத் தொடங்கிய சில நாட்களில் நாய் முன்னிலும் உயரமாகப் பாயும், குரைக்கும், சட்டையைக் கவ்வி இழுக்கும். பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில்தான், ‘இதெல்லாம் நம் நாய்க்குப் பலிக்காது’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். நேற்றுவரை பலித்த உபாயம் இன்று பலிக்காதபோது அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது உயிர்களின் சுபாவம். பழக்கம் தளரத் தொடங்கியதற்கு அதுவே அறிகுறி. அந்தச் சமயத்தில் மனம் தளர்ந்து ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டால், ‘இத்தனை பலமாகப் பாய்ந்தால்தான் கிடைக்கும்’ என்ற புதிய பாடத்தைக் கற்பித்தவர்களாவோம்.

ஆனால் பலனை நிறுத்துவது மட்டும் போதாது. அது நாயைத் திகைக்கவைக்கும், வழிகாட்டாது. வரவேற்க வேண்டும் என்ற ஆசை அதனிடம் அப்படியே இருக்கிறது. அதற்கு வேறொரு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதே இரண்டாவது பாகம். பாய்வதோடு ஒரே சமயத்தில் செய்ய முடியாத செய்கை எதுவோ அதைக் கற்பிக்க வேண்டும். எல்லா நாய்க்கும் எளிதில் வருவது உட்காருதல். வீட்டில் யாரும் வராத அமைதியான வேளையில், விரல் நுனியில் சிறு உணவுத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை நாயின் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் பிடியுங்கள். நாய் முகர்ந்ததும், கையை மெதுவாக அதன் நெற்றிக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோங்கள். மூக்கு கையைத் தொடர்ந்து மேலே எழும். தலை பின்னால் சாயச் சாய, உடம்பின் பாரம் பின்பக்கம் இறங்கி, தொடைகள் மடிந்து, பிட்டம் தரையில் படியும். படிந்த அந்த விநாடியிலேயே துண்டு அதன் வாயில் இருக்க வேண்டும். கையை அளவுக்கு மேல் உயர்த்தினால் நாயும் கூடவே எழும்பிவிடும். அப்போது கையைத் தாழ்த்தி மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறைக்குள் பெரும்பாலான நாய்கள் கை அசைவைக் கண்டதுமே உட்காரத் தொடங்கிவிடும். அதன் பிறகு வார்த்தையைச் சேர்க்கலாம். ‘உட்கார்’ என்றாலும் சரி, நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டபடி ‘சிட்’ என்றாலும் சரி, வீட்டார் எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டும்; ஒரு தடவைதான் சொல்ல வேண்டும்.

கணம் தவறாத சன்மானம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாய் உட்கார்ந்து, எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிய பிறகு துண்டு கிடைத்தால், சுற்றியதற்கே அது கிடைத்ததாக அது கொள்ளும். இந்தத் தாமதத்தை நீக்குவதற்காக, ஸ்கின்னர் 1951-இல் ஓர் அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகையில் பிராணிகளைப் பழக்குவது எப்படி என்பதைச் சாமானியர்களுக்கு எழுதும்போது, ‘டிக்’ என்று ஒலிக்கும் சிறு விளையாட்டுச் சாமானைக் கையாளும் யோசனையைச் சொன்னார். ஓசை கேட்டால் உணவு வரும் என்று நாய் அறிந்துவிட்டபின், சரியான செய்கை நிகழும் கணத்தில் ஓசையைக் கொடுத்துவிட்டு, உணவைச் சாவகாசமாகக் கொடுக்கலாம். ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிய கேரன் ப்ரையர் 1984-இல் எழுதிய நூலின் மூலம் இம்முறை உலகெங்கும் நாய் வளர்ப்பவர்களிடையே பரவியது. அந்தக் கருவி நம்மிடம் இல்லாவிட்டால், ‘சபாஷ்’ என்று ஒரே தொனியில் சுருக்கமாகச் சொல்வதும் அதே வேலையைச் செய்யும். சன்மானத் துண்டு கடலைப் பருப்பளவு இருந்தால் போதும். வேகவைத்த முட்டையோ கோழியோ, டீக்கடைப் பொறையோ எதுவும் ஆகும். வெங்காயம் சேர்ந்த பண்டம், சாக்லேட், திராட்சை ஆகியவை நாய்க்கு விஷம். அவற்றைத் தொடவே கூடாது.

உட்காரக் கற்ற நாய், ஆள் வரும் பரபரப்பில் அதை மறந்துவிடும். ஆகையால் பரபரப்பையும் படிப்படியாகப் பழக்க வேண்டும். இதற்கு நான் மிகச் சிறந்ததாகக் கருதும் அப்பியாசம் ஒன்றுண்டு. அதில் கட்டிப் போடுவதற்கும் நல்ல உபயோகம் இருக்கிறது. நாயின் பெல்ட்டில் ஆறடிக் கயிற்றை மாட்டி, அதன் மறுமுனையைத் திண்ணைத் தூணிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டிவிட்டு, பதினைந்தடி தள்ளி நின்று, நாயை நோக்கி ஒவ்வோர் அடியாக நடந்து வாருங்கள். நாயின் கால்களையே கவனியுங்கள். பாய்வதற்கு முன் அதன் பாரம் பின்னங்கால்களுக்கு மாறும். முன்னங்கால் விரல்கள் தரையை மெல்லத் தள்ளும். கால் தரையை விட்ட மாத்திரத்தில் நின்று, இரண்டடி பின்வாங்குங்கள். நான்கும் தரைக்கு வந்ததும் மறுபடி முன்னேறுங்கள். பாய்ந்தால் பிரியமானவர் விலகுகிறார், நின்றால் நெருங்குகிறார் என்ற நியமத்தை, யாரும் விளக்கிச் சொல்லாமலே, நாய் தானாகக் கண்டுபிடிக்கிறது. முதல் நாள் அந்தப் பதினைந்தடியைக் கடக்கப் பத்து நிமிஷம் ஆகலாம். கடைசியில் அருகே வந்து நிற்கும்போது, உடம்பெல்லாம் நடுங்க, வால் தரையைப் பெருக்க, எழும்பும் ஆசையை அடக்கிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும் காட்சி, அந்தப் பிராணி நமக்காக எவ்வளவு பெரிய முயற்சி செய்கிறது என்பதை உணர்த்தும். அப்போது தலைக்கு மேலே கையை நீட்டினால் தலை கையைத் தேடி எழும். கூடவே கால்களும் எழும். ஆகையால் கீழிருந்து, மோவாயின் அடியிலோ மார்பிலோ மெதுவாகச் சொறிந்து கொடுங்கள்.

வீட்டாரிடம் இப்படிப் பழகிய பிறகு அடுத்த வீட்டுக்காரர், பிறகு நாய்க்கு அவ்வளவாகப் பரிச்சயமில்லாத நண்பர் என்று வட்டத்தை விரிக்கலாம். அழைப்பு மணியின் ஓசையே பல நாய்களுக்குப் பாதி வெறியை மூட்டிவிடும். ஆகவே யாரும் வராதபோதே மணியை அடித்து, நாயை உட்காரவைத்துச் சன்மானம் கொடுத்துப் பழக்குவது பிரயோஜனமானது. எல்லோரிடமும் பழக்கி முடிப்பதற்குள் விருந்தினர் வந்துதான் தீருவார்கள். அச்சமயம் நாயை உள் அறையில் விட்டு, மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துக் கதவைச் சாத்துவதில் தவறில்லை. பாய்வதற்கு வாய்ப்புக் கொடுக்காமல் இருப்பதும் கற்பித்தலின் ஓர் அங்கமே. அவசரத்தில் வேறொன்றும் செய்ய முடியாவிட்டால், ஒரு பிடி உணவுத் துண்டுகளைத் தரையில் இறைத்துவிடுங்கள். தரையை முகர்ந்து பொறுக்கும் நாய் அந்த நேரத்தில் மேலே பாயாது. அதற்குள் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம்.

இவ்வளவு முறைகளிலும் கடினமானது எது என்று கேட்டால், நாயைப் பழக்குவது அன்று, வீட்டில் உள்ளவர்களை ஒருமனப்படுத்துவதுதான் என்று சொல்வேன். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இந்தப் பொறுப்பை ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஏற்றுக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து வந்த சித்தப்பா செருப்பைக் கழற்றுமுன்பே, “என்னடா, என்னை ஞாபகம் இருக்கா?” என்று நாயை நோக்கிக் கைகளை நீட்டினார். அது எழும்பத் தயாராயிற்று. அந்தப் பெண் நடுவிலே வந்து நின்று, “சித்தப்பா, அது உட்காரட்டும், அப்புறம் தொடுங்க. நீங்க இப்பவே தொட்டா நாங்க இவ்வளவு நாள் பட்ட பாடு வீணாப் போயிடும்” என்றாள். அவர் பெரியவர், குழந்தை தடுத்ததைக் கண்டு முதலில் திகைத்தார், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாய் அவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கீழ்ஸ்தாயியில் ஒரு முனகல் முனகி, உட்கார்ந்தது. “இப்ப தொடுங்க, சித்தப்பா” என்று அவள் சொன்னபோது அவர் அதன் அருகே தரையிலேயே உட்கார்ந்து விட்டார். வீட்டின் மூத்தவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் அந்தப் பெண்ணைப் போல, நாய்க்காகப் பரிந்து பேசுவதாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

குட்டியிலேயே தொடங்குவது எல்லாவற்றிலும் சுலபம். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருஷங்கள் நடத்தி 1965-இல் நூலாக வெளியிட்ட ஆராய்ச்சி, ஏறக்குறைய 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான பருவம் நாயின் சுபாவம் உருவாவதில் முக்கியமானது என்று காட்டியது. இரண்டு மாதக் குட்டி வீட்டுக்கு வந்த அன்றே, தூக்குவதற்குப் பதில் நாமே தரையில் உட்கார்ந்து கொஞ்சினால், பின்னால் நீக்குவதற்குப் பழக்கம் என்று ஒன்று உண்டாகவே உண்டாகாது. வளர்ந்த நாயும் மாறும். ஆனால் நாட்கள் கூடுதலாக ஆகும். பழக்கம் ஒழிந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது, நெடுநாள் பிரிந்த ஒருவர் வந்ததும் திடீரென்று ஒருமுறை பாய்ந்துவிடும். பழைய பழக்கங்கள் இவ்வாறு தலைகாட்டுவது சகஜம். மறுபடி சில நாட்கள் அதே அப்பியாசத்தைச் செய்தால் அடங்கிவிடும். இதனோடு காலையும் மாலையும் நடக்க அழைத்துச் செல்வதும், மோப்பம் பிடிக்க விடுவதும், வீட்டு மனிதர்களிடையே இருக்க இடம் கொடுப்பதும் சேரவேண்டும். உடம்பில் தேங்கிய சக்திக்கு வடிகால் இல்லாத நாயிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

தெருவிலும் அடுக்குமாடி லிஃப்டிலும் மட்டும் அப்பியாசத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. அங்கே வருகிறவருக்கு நாயைக் கண்டாலே பயமாக இருக்கலாம். அவர்மேல் நம் நாய் அன்பினால்தான் பாய்ந்தது என்று சொல்வது சமாதானம் ஆகாது. கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நாயை நம் மறுபக்கத்தில் நிறுத்திக்கொள்வதே முறை. உடம்பு விறைத்து, வாயை மூடி, கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டு பாயும் நாயோ வேறு ரகம். அது வரவேற்பு அன்று, பயமோ சினமோ ஆகும். அதற்கு இந்தக் கட்டுரையில் சொன்னவை போதா. கால்நடை வைத்தியரைக் கலந்து, வலியோ நோயோ உண்டா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

நாய் தங்கள் தோளில் கால்வைத்துக் கொஞ்சுவதை அடியோடு இழக்க மனமில்லாதவர்கள் உண்டு. அவர்கள் மனத்தை நான் குறைகூறமாட்டேன். உட்கார்ந்து வரவேற்கும் வழக்கம் சில மாதங்கள் பிசகாமல் நிலைத்தபிறகு, மார்பில் இரண்டு கைகளாலும் தட்டி, ‘மேலே வா’ என்று அழைத்து, அழைத்தபோது மட்டும் எழும்பக் கற்பிக்கலாம். அழையாமல் எழும்பினால் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இடுப்பு மூட்டில் குறையுள்ள நாய்க்கும், எலும்பு முற்றாத குட்டிக்கும் இதைக் கற்பிக்க வேண்டாம். அழைக்கும் அந்த உரிமையையும் வீட்டில் ஒருவரே வைத்துக்கொள்வது உத்தமம்.